மூளை குளிர்ந்தால் பிழைக்குமா?

சித்திரை மாத நடுப்பகலில் திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டைப் பக்கத்து வயலில் ஒருவர் மயங்கிச் சரிந்தால் என்ன நடக்கும் என்று இந்தப் பகுதியில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வரப்பிலிருந்து ஓடி வருகிறவர்கள் தலையில் தண்ணீரை ஊற்றுவார்கள். சோடாவோ மோரோ வாயில் புகட்டப் பார்ப்பார்கள். ஒரு பக்கக் கை துவண்டு வாய் கோணியிருந்தால், "வாதம் அடிச்சிருச்சுப்பா" என்பார் பெரியவர் ஒருவர். புறா ரத்தம் தேடி ஒரு பைக் கிளம்பும். செம்பட்டியில் காட்டுவதா, திண்டுக்கல் போவதா, நேரே மதுரைக்கே போய்விடுவதா என்று பேசி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

புறா ரத்தத்தைத் தேய்த்தால் ஒரு பயனும் கிடையாது. மயங்கியவர் வாயில் எதையும் புகட்டவே கூடாது; அது மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே உலை. ஆனால் தலையில் ஊற்றிய அந்தத் தண்ணீர்? மூளையைக் குளிர வைத்தால் சேதம் குறையுமா? இது கிராமத்துக் கைவைத்தியத்தோடு நின்றுவிடும் கேள்வி இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சீனாவிலும் பெரிய மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகப் பணத்தையும் உழைப்பையும் கொட்டி இதே கேள்வியைத் துருவிக்கொண்டிருக்கின்றன. பதிலின் முக்கியமான ஒரு பகுதி சென்னையில் பிறந்த குழந்தைகளிடமிருந்து கிடைத்தது. அந்தப் பதில் திண்டுக்கல் மாவட்டத்தின் ஒவ்வொரு பேரூராட்சிக்கும் தெரிந்தாக வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பசியெடுத்த உறுப்பு

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 5-ல் 1 பங்கு அதற்கே போகிறது. இவ்வளவு வாங்கிச் செலவழித்தும் நாளைக்கென்று எதையும் சேர்த்து வைப்பதில்லை. ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய் ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். பக்கவாத மருத்துவத்தில் அதிகம் சொல்லப்படும் எண் இதுதான்.

எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் சாவதில்லை. ஆத்தூர் அணைத் தண்ணீர் பாயும் வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால், அதை மட்டுமே நம்பியிருந்த வயல் கருகிவிடும். பக்கத்து வாய்க்காலின் கசிவு எட்டுகிற வயல் வாடும், ஆனால் உடனே சாகாது. தண்ணீர் நேரத்துக்கு வந்தால் பயிர் நிமிர்ந்துகொள்ளும். மூளையிலும் அடைப்பின் மையத்தில் இருக்கும் பகுதி சில நிமிடங்களில் இறந்துபோகிறது. அதைச் சுற்றி வாடி நிற்கும் பகுதி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. பக்கவாதத்துக்கான அவசர சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாவது பகுதியைக் காப்பாற்றத்தான்.

குளிர்ச்சி உள்ளே நுழைவது இங்கேதான். மூளையின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அதன் ஆற்றல் தேவை 6 முதல் 7 சதவீதம்வரை இறங்குகிறது. 37-லிருந்து 33 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஏறத்தாழ கால்வாசித் தேவை மிச்சம். இன்னொரு லாபமும் உண்டு. ரத்தம் கிடைக்காத அணுக்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவில்லாமல் கொட்டுகின்றன. அது பக்கத்து அணுக்களைத் தூண்ட, அவற்றுக்குள் கால்சியம் பெருக்கெடுத்துப் பாய, அவையும் சாகின்றன. அடைப்பு நீங்கிய பிறகும்கூட மணிக்கணக்கில், நாள்கணக்கில் வீக்கமும் அழற்சியும் தொடர்கின்றன. ஒரு மருந்து இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பிடிக்கும். குளிர்ச்சி ஏறக்குறைய எல்லாக் கண்ணிகளையும் தளர்த்துகிறது.

விலங்குகளிடம் இது பிரமாதமாக வேலை செய்தது. அடைப்பால் வரும் பக்கவாதத்தை விலங்குகளுக்கு உண்டாக்கிக் குளிரூட்டிப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2007-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. குளிரூட்டப்பட்ட விலங்குகளுக்கு மூளையில் இறந்துபோன பகுதி சராசரியாக 44 சதவீதம் சிறியதாக இருந்தது. மூளையைக் காக்கும் என்று சொல்லப்பட்ட எத்தனையோ மருந்துகளுக்கு இல்லாத வலுவான சான்று இது.

மனிதர்களிடமும் நம்பிக்கை தரும் கதைகள் இருந்தன. 1938-இல் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் ஃபே என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் புற்றுநோயாளிகளின் உடலைக் குளிரூட்டிப் பார்த்தார். தலைக்காயத்துக்கும் அதையே முயன்றார். அடுத்த சில ஆண்டுகளில் டாக்காவ் வதைமுகாமில் நாஜிகள் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்திக் கொன்ற கொடூரம் வெளியே வந்ததும் இந்தத் துறையின் பெயரே கெட்டுப்போனது. 1999 மே மாதம் நார்வேயில் பனிச்சறுக்கில் விழுந்து, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்ட ஆன்னா போகென்ஹோம் என்ற மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிவரை இறங்கியிருந்தது. இதயம் நின்றுபோயிருந்தது. அவர் பிழைத்தார், வேலைக்கும் திரும்பினார். மூச்சு நிற்பதற்கு முன்பே மூளை நன்றாகக் குளிர்ந்துவிட்டதே அவரைக் காத்தது என்றார்கள் மருத்துவர்கள்.

2002-இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள், இதயம் நின்று மீண்டவர்களை 32 முதல் 34 டிகிரிக்குள் வைத்தால் மூளை நன்றாகத் தேறுகிறது என்று அறிவித்தன. உலகம் முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குளிரூட்டும் கருவிகள் இறங்கின. 2021-இல் 1,900 பேரை வைத்து நடந்த மிகப் பெரிய ஆய்வு அந்த உற்சாகத்தை அடக்கியது. 33 டிகிரிக்குக் குளிரூட்டப்பட்டவர்களில் 50 சதவீதம் பேர் 6 மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். குளிரூட்டாமல், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே அதைத் தணித்த குழுவில் 48 சதவீதம் பேர். வித்தியாசமே இல்லை. "காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே அதைத் தணித்த குழு" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

எழும்பூர் சொன்ன பதில்

குளிர்ச்சி உண்மையாகவே வென்ற இடம் பச்சைக்குழந்தைகளின் தொட்டில். பிரசவத்தின்போது மூச்சுத்திணறி, மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. "குழந்தை அழவே இல்லை" என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இவர்களைத்தான். அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலை 33.5 டிகிரியில் வைத்தார்கள். குளிரூட்டாத குழந்தைகளில் 62 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது மிதமான, கடுமையான ஊனத்தோடு வளர்ந்தார்கள். குளிரூட்டியவர்களில் அது 44 சதவீதம். 2010-க்குள் வளர்ந்த நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

இப்படிப் பிறக்கும் குழந்தைகள் அதிகம் இருப்பது தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். கருவியோ விலை அதிகம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் நிரஞ்சன் தாமஸும் அவருடைய குழுவினரும் அதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் ஒரு பொருளை மெத்தைக்குள் அடைத்து, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைத்தால், அந்தப் பொருள் உருகும்போதே குழந்தையின் சூட்டை இழுத்துக்கொள்ளும். தொடர்ந்து மின்சாரம் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். ஓர் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து இது மிராக்ரேடில் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. நாட்டின் பல மருத்துவமனைகள் வாங்கின.

அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அமெரிக்கக் குழந்தைக்கு உதவியது நம் குழந்தைக்கும் உதவுமா?

அதைச் சோதிக்கத்தான் ஹீலிக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமை தாங்கினார். 2015 ஆகஸ்டிலிருந்து 2019 பிப்ரவரி வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் இதில் பங்கேற்றன. இலங்கையிலிருந்து களனிப் பல்கலைக்கழகம் சேர்ந்தது. கருவி நல்லது, மருத்துவர்கள் பயிற்சி பெற்றவர்கள், மருத்துவமனைகள் உயர்நிலை மருத்துவமனைகள். வசதி போதவில்லை என்று பின்னால் யாரும் காரணம் சொல்லிவிட முடியாதபடி திட்டமிட்டிருந்தார்கள்.

2021-இல் முடிவு வந்தது. இறப்பையும் மிதமான, கடுமையான ஊனத்தையும் சேர்த்துப் பார்த்தால், குளிரூட்டிய குழுவில் 50 சதவீதம், குளிரூட்டாத குழுவில் 47 சதவீதம். பயன் எதுவும் இல்லை. இறப்பை மட்டும் பார்த்தால் குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம், மற்ற குழுவில் 31 சதவீதம். காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த சிகிச்சையைப் பெற்ற குழந்தைகள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில், உயர்நிலை வசதி இருந்தாலும்கூட, இந்தச் சிகிச்சையைக் கொடுக்க வேண்டாம் என்று ஆய்வுக் குழு எழுதியது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் யோசிக்க வைப்பது. மேலை நாட்டில் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் திடீரென்று ஏதோ நேர்கிறது. அடி விழுந்து சில மணி நேரத்துக்குள் குளிர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இங்கே பல குழந்தைகளுக்கு மூளைக் காயம் நீண்ட பிரசவ வலியின்போது, கொஞ்சம் கொஞ்சமாக, பிறப்பதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. குளிர் வரும்போது காக்கும் நேரம் கடந்துபோயிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் நடந்த சிறிய ஆய்வு குளிரூட்டலுக்குச் சாதகமாகவே முடிந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பல நாட்டு மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இறப்பு கூடியது என்று சொல்லும்போது அதன் பக்கம் நிற்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அந்த 408 குழந்தைகளின் பெற்றோர், தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான மணி நேரத்தில், ஓர் ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள். பின்னால் பிறக்கும் எத்தனையோ குழந்தைகளுக்கு அவர்கள் செய்தது பெரிய உதவி. அவர்களுக்கு யாரும் பாராட்டு விழா எடுக்கவில்லை.

சித்தையன்கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில் காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947-இல் சின்னாளபட்டியில் சிறிதாகத் தொடங்கிய தாய்சேய் நலப் பணியிலிருந்து வளர்ந்தது அது. அவர் 1952-இல் இதே ஆத்தூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பிள்ளைப்பேறு நல்ல கைகளில், நேரத்துக்கு நடக்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் பிடிவாதம். ஹீலிக்ஸ் முடிவைப் படிக்கும்போது அந்தப் பிடிவாதம் எவ்வளவு சரியானது என்று தோன்றுகிறது. சிசுவின் மூளையைக் காக்கும் முதல் இடம் பிரசவ அறை.

விழித்திருப்பவரின் நடுக்கம்

இனி பக்கவாதத்துக்கு வருவோம். பச்சைக்குழந்தைகள் பெரியவர்களைப் போல நடுங்குவதில்லை. இதயம் நின்று மீண்டவர் நினைவில்லாமல் செயற்கைச் சுவாசத்தில் கிடக்கிறார். ஆய்வுக்கூடத்து எலிக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். பக்கவாத நோயாளி அப்படி இல்லை, பெரும்பாலும் விழித்திருக்கிறார். 36 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அவர் உடம்பு உதறலெடுக்கும். நடுக்கம் உடலின் ஆக்சிஜன் தேவையை ஏற்றிவிடும். எதைக் குறைக்கக் குளிரூட்டினோமோ அதையே அது கூட்டும். நடுக்கத்தை நிறுத்த பெத்தடின் போன்ற மருந்துகளைக் கொடுக்க வேண்டும். அவை அசத்தும். பக்கவாதத்தில் ஏற்கெனவே விழுங்கும் திறன் பழுதாகியிருப்பவர் அசந்து கிடந்தால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும்.

காகிதத்தில் அழகாக இருந்த திட்டம் படுக்கையருகே சிக்கியது இப்படித்தான். அமெரிக்காவில் தொடைச் சிரை வழியே குளிரூட்டும் குழாயைச் செலுத்திச் செய்த ஓர் ஆய்வு, 120 நோயாளிகளோடு நின்றுபோனது; குளிரூட்டியவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா, மற்றவர்களில் 10.5 சதவீதம். ஐரோப்பாவில் யூரோஹிப் என்ற ஆய்வு 1,500 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டது. நோயாளி விழித்திருக்கும்போதே 34 முதல் 35 டிகிரிக்குக் கொண்டுவருவதுதான் இலக்கு. 2018-இல் அதை நிறுத்தியபோது சேர்ந்திருந்தவர்கள் 98 பேர். குளிரூட்டப்பட்ட 49 பேரில் 15 பேருக்குத்தான் அந்த இலக்கை எட்ட முடிந்தது. பயன் எதுவும் தெரியவில்லை. எண்ணிக்கை குறைவு என்பதால், குளிர்ச்சி உதவவே உதவாது என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. பெய்ஜிங்கில் ஜி ஷுன்மிங் தலைமையிலான குழு முழு உடம்பையும் விட்டுவிட்டு அடைபட்ட பகுதியை மட்டும் குளிரூட்டிப் பார்க்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி மூளையில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை இப்போது உண்டு. அந்தக் குழாய் வழியாகவே 4 டிகிரி குளிர்ந்த உப்புநீரைப் பாய்ச்சுகிறார்கள். சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் குளிர்கிறது, உடம்பு நடுங்குவதில்லை. 2016-இல் வெளியான முதல் சிறிய ஆய்வில் 26 பேருக்கு இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடிந்தது. நல்ல யோசனை. பெரிய ஆய்வுகள் சொல்லட்டும், காத்திருப்போம். குளிரூட்டிப் பக்கவாதத்தைக் குணமாக்குகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், அதை நம்பிப் பணம் கட்டும் நிலைக்கு இன்றைய சான்றுகள் வந்துவிடவில்லை.

சூடேறாமல் பார்த்துக்கொள்வது

இத்தனை தோல்விகளுக்கு நடுவே ஒரு பெரிய உண்மை துலங்கியிருக்கிறது. சேதமடைந்த மூளைக்குக் குளிர்ச்சி நல்லதா என்பது தெளிவாகவில்லை. சூடு கெட்டது என்பதில் ஐயமே இல்லை. 1996-இல் கோபன்ஹேகனில் 390 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மருத்துவமனைக்கு வரும்போது உடல் வெப்பம் 1 டிகிரி கூடுதலாக இருந்தவர்களுக்கு மோசமான விளைவு நேரும் வாய்ப்பு 2.2 மடங்காக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் சேண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர் இதைக் கையில் எடுத்தார். 19 பக்கவாதப் பிரிவுகளில் சிலவற்றின் செவிலியர்களுக்கு மூன்றே மூன்று வேலைகளில் பயிற்சி கொடுத்தார். முதல் 72 மணி நேரம் 4 மணிக்கொரு முறை வெப்பம் பார்ப்பது, 37.5-ஐத் தொட்டால் பாராசிட்டமால். ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, ஏறினால் இறக்குவது. விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருப்பது. 2011-இல் முடிவு வெளியானது. 90 நாள் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்கள் வழக்கமான பிரிவுகளில் 58 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 சதவீதம். புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. வெப்பமானியும் குளுக்கோமீட்டரும் பொறுப்பெடுத்துக்கொண்ட செவிலியர்களும்தான்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வரும் பக்கவாதத்துக்கு இன்டராக்ட்-3 என்ற ஆய்வு 10 நாடுகளில் நடந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. 7,036 நோயாளிகள். ரத்த அழுத்தத்தை வேகமாக இறக்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, உடல் வெப்பம் 37.5-ஐத் தாண்டாமல் காப்பது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதை முறிப்பது. எல்லாவற்றையும் ஒரு கட்டாகச் சேர்த்துச் செய்தார்கள். 2023-இல் வந்த முடிவின்படி மோசமான விளைவுக்கான வாய்ப்பு 14 சதவீதம் குறைந்தது. ரத்தக்கசிவுப் பக்கவாதத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்துக்கொண்டிருந்த காலம் அதோடு போனது.

இதிலும் மிகைப்படுத்திவிடக் கூடாது. காய்ச்சல் இல்லாதவருக்கு முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் பயன் கிடைக்கவில்லை. விலையுயர்ந்த கருவியால் காய்ச்சலே வராமல் தடுத்துப் பார்த்த 2024-ஆம் ஆண்டு ஆய்விலும் நோயாளிகள் கூடுதலாகத் தேறிவிடவில்லை. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல், ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் ஒருவர் விடாமல் கவனிக்கும்போது பலன் வருகிறது. இதய ஆய்வில் காய்ச்சலை மட்டும் இறக்கிய குழுவும் குளிரூட்டிய குழுவும் சமமாக நின்றதை மேலே பார்த்தோம். அதையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊர் மருத்துவமனைகள் எந்தப் பக்கம் செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

வெயிலா, வாதமா?

வயலில் விழுந்தவருக்கு ஊற்றிய தண்ணீருக்கு வருவோம். அது சரியான சிகிச்சையாக இருக்கும் நேரமும் உண்டு. வெயிலில் நெடுநேரம் வேலை செய்து, உடம்பு அனலாய்க் கொதித்து, பிதற்றியோ நினைவிழந்தோ கிடந்தால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அவரை நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுவதுதான் உயிர் காக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் குளிரூட்ட வேண்டும். அங்கே குளிர்ச்சியே மருந்து.

பக்கவாதத்தின் முகம் வேறு. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தானாக இறங்கும். பேச்சு குழறும், அல்லது வரவே வராது. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருப்பதே பெரும்பாலும் அடையாளம். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓட வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம், கை காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வாந்தி வந்தாலும் அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கூடவே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். சீக்கிரம் போடப் போடப் பலன் கூடும். பெரிய குழாயில் அடைப்பு என்றால், கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையைப் பொருத்தமான சிலருக்கு 24 மணி நேரம்வரை செய்யலாம் என்று 2018-இல் வந்த ஆய்வுகள் காட்டின. எதற்கும் முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவுக்குக் கட்டி கரைக்கும் ஊசி போட்டால் அதுவே கொன்றுவிடும். இதனால்தான் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை நாமாக எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. வழியில் ஒரு கிளினிக்கில் இறங்கி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பதும் வேண்டாம். அங்கே போகும் ஒரு மணி நேரம் திரும்பி வராது.

சித்தையன்கோட்டைக்காரர் திண்டுக்கல்லுக்குப் போனாலும் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போனாலும், 4½ மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டிருக்கிறது. சாலையில் போகும் நேரத்தைவிட வீட்டு முற்றத்தில் பேசிக்கொண்டு நிற்கும் நேரம்தான் நம்மவர்களைக் கெடுக்கிறது. விடிந்ததும் பார்ப்போம், மகன் திருப்பூரிலிருந்து வரட்டும், வைத்தியர் வந்து நாடி பார்க்கட்டும் என்று போகும் மணிகள் அவை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள் இந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பக்கவாதம் முதலில் தேடி வருவது அவர்களைத்தான். மாத்திரை கொண்டுவரும் அதே பணியாளர், வாய், கை, பேச்சு என்ற மூன்று அடையாளத்தையும் அந்த வீட்டாருக்குச் செய்து காட்டிவிட்டுப் போக இரண்டு நிமிடம் போதும்.

மாவட்ட மருத்துவ நிர்வாகத்திடம் கேட்பது இவ்வளவுதான். எந்த நேரத்திலும் சி.டி. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் தயாராக இருக்கும் மருத்துவமனை எது என்பதை ஒவ்வொரு பேரூராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பக்கவாத நோயாளியைச் சேர்க்கும் ஒவ்வொரு வார்டிலும் 4 மணிக்கொரு முறை வெப்பமும், சர்க்கரையும், முதல் வாய் தண்ணீருக்கு முன்பு விழுங்கும் சோதனையும் கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும் என்று எழுத்தில் ஆணையிடுங்கள். அதைச் செய்யப் போதுமான செவிலியர்களை நியமியுங்கள்.